கைதிக்கு வராத நோய்

1882 டிசம்பரில் ஜப்பானியக் கடற்படையின் பயிற்சிக் கப்பல் ரியூஜோ கரையை விட்டுக் கிளம்பியது. நியூசிலாந்து, சிலி, பெரு, ஹவாய் என்று பசிபிக் பெருங்கடலைச் சுற்றிவிட்டுத் திரும்புவது திட்டம். 272 நாள் பயணம், 376 பேர். அவர்களில் 169 பேர் வழியிலேயே படுத்துவிட்டார்கள். சிலருக்குக் கால் வீங்கியது, சிலருக்கு மரத்துப்போனது. படியேறினால் மூச்சு முட்டியது, நெஞ்சு படபடத்தது. 25 பேர் இறந்தார்கள். ஒரு குண்டும் வெடிக்கவில்லை. எதிரி என்று ஒருவரும் இல்லை. ஹொனலுலு துறைமுகத்தில் அரிசிச் சோற்றை நிறுத்திவிட்டு ரொட்டி, இறைச்சி, காய்கறி என்று கொடுத்தபோது, உயிரோடு இருந்தவர்கள் எழுந்து நடமாட ஆரம்பித்தார்கள்.

நோயின் பெயர் பெரிபெரி. ஜப்பானியர்கள் அதைக் காக்கே என்றார்கள். கிராமத்திலிருந்து எடோ நகரத்துக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, பிழைக்கப் போனவர்களுக்கு வரும். ஊர் திரும்பினால் தானே போய்விடும். அதனால் ‘எடோ நோய்’ என்ற பெயரும் அதற்கு உண்டு. ஏழைகளைவிட வசதியுள்ளவர்களைத்தான் அது அதிகம் தேடிவந்தது. அன்று ஜப்பானை ஆண்ட ஷோகன் இயெமோச்சி 1866இல் இருபதாவது வயதில் இந்த நோயால் இறந்தார். அவருடைய மனைவி, இளவரசி கசுநோமியா, 1877இல் இதற்கே பலியானார். பேரரசர் மெய்ஜிக்கும் இந்தத் தொல்லை இருந்தது. கிராமத்தான் தவிடு போகாத அரிசியோடு தினையும் வாற்கோதுமையும் கலந்து பொங்கித் தின்றான். பளபளவென்று தீட்டிய வெள்ளைச் சோறு நகரத்தின் அந்தஸ்து. படையில் சேர்ந்தால் மூன்று வேளையும் வெள்ளைச் சோறு கிடைக்கும் என்பது ஏழை வீட்டுப் பையன்களை அங்கே இழுத்த ஆசைகளில் ஒன்று.

தகாகி கனெஹிரோ கடற்படை மருத்துவர். 1875 முதல் ஐந்தாண்டுகள் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் படித்தவர். அங்கே இருந்த காலத்தில் ஒரு பெரிபெரி நோயாளியையும் அவர் பார்க்கவில்லை. ஊர் திரும்பினால் கடற்படை மருத்துவமனையில் கட்டில் காலி இல்லை. 1882இல் மட்டும் நூறு மாலுமிகளில் நாற்பது பேருக்கு இந்த நோய் வந்திருந்தது. இப்படி ஒரு கடற்படையை வைத்துக்கொண்டு எந்தப் போரை நடத்துவது?

தகாகி முதலில் கணக்குப் பார்த்தார். எந்தக் கப்பல், எந்தப் பருவம், எந்த அறை, எந்த உடை என்று பிரித்துப் பிரித்துப் பார்த்ததில் ஒன்றும் பிடிபடவில்லை. யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று பிரித்தபோது பிடிபட்டது. அதிகாரிகளுக்கு நோய் குறைவு, கடைநிலை மாலுமிகளுக்கு அதிகம். அரிசியைக் கடற்படை கொடுத்தது. தொட்டுக்கொள்ள வாங்குவதற்குக் கையில் காசு கொடுத்தது. மாலுமிகள் அந்தக் காசை மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு வெறும் சோற்றைத் தின்றார்கள். இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் தம்பி தங்கை பட்டினி என்றால் நாமும் அதைத்தான் செய்வோம். தகாகியும் அவர்களுக்கு உபதேசம் செய்யப் போகவில்லை. காசாகக் கொடுப்பதை நிறுத்திப் பொருளாகவே கொடுங்கள் என்று அரசிடம் போய் நின்றார்.

1884 பிப்ரவரியில் சுகுபா என்ற கப்பல் கிளம்பியது. ரியூஜோ போன அதே வழியில் அதைப் போகவைத்தார் தகாகி. கஜானாவில் பணம் இல்லாத காலத்தில் அதற்கான செலவுக்கு மேலிடத்தோடு மல்லுக்கட்டினார். சோற்றைக் குறைத்து இறைச்சி, மீன், பீன்ஸ், ரொட்டி, கட்டிப்பால் ஆகியவற்றைக் கூட்டியிருந்தார். 333 பேர், 287 நாட்கள். பதினைந்து பேர் அளவுக்குத்தான் நோய் கண்டது, ஒருவரும் சாகவில்லை. நோய் கண்டவர்களில் பலர் புது உணவு பிடிக்காமல் ஒதுக்கியவர்கள். இறைச்சியும் ரொட்டியும் ஜப்பானிய நாக்குக்கு ஒட்டவில்லை என்பதால், மறு ஆண்டே அரிசியோடு வாற்கோதுமை கலந்த சோறு கப்பல்களுக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கடற்படையில் பெரிபெரி ஏறக்குறைய இல்லாமலே போனது. இன்றும் ஜப்பானியக் கடற்படையினர் வெள்ளிக்கிழமைதோறும் கறிக்குழம்பு ஊற்றிய சோறு சாப்பிடுகிறார்கள். ஆங்கிலேயக் கப்பற்படை வழியாக நம் நாட்டிலிருந்து போன கறி, மாலுமிகளைச் சோற்றோடு இறைச்சியும் காய்கறியும் தின்னவைக்க வசதியாக இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தகாகி சொன்ன காரணம் தப்பு. உணவில் நைட்ரஜனுக்கும் கரிக்கும் உள்ள விகிதம் கெட்டுப்போனதால், அதாவது புரதம் குறைந்ததால், நோய் வருகிறது என்று அவர் நம்பினார். வைட்டமின் என்ற ஒன்று இருப்பதே அன்று உலகத்தில் யாருக்கும் தெரியாது.

காரணம் தப்பு என்பதைப் பிடித்துக்கொண்டது தரைப்படை. ஜப்பானியத் தரைப்படையின் மருத்துவப் பிரிவு ஜெர்மன் வழியில் வளர்ந்தது. கிருமிகளைத் தேடிய காக், பாஸ்டர் ஆகியோரின் காலம் அது. ஆண்டுக்கொரு கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. 1885இல் பெரிபெரிக்கும் கிருமி அகப்பட்டுவிட்டது என்று ஒரு ஜப்பானியப் பேராசிரியர் அறிவித்தார். தரைப்படை மருத்துவர்களில் முக்கியமானவர் மோரி ரிந்தாரோ. மோரி ஓகாய் என்ற புனைபெயரில் ஜப்பானிய நவீன இலக்கியத்தின் தூண்களில் ஒருவராக இன்றும் கொண்டாடப்படுபவர். சோதனைச்சாலையில் நிரூபிக்காமல் சோற்றுப்பானையை மாற்றுவது அறிவியல் ஆகாது என்பது அவருடைய கட்சி. வாதத்தில் அவர் பக்கம் வலு இருந்தது. செத்தவர்கள் எண்ணிக்கை மட்டும் எதிர்ப்பக்கம் இருந்தது.

நாடெங்கும் சிறைகளில், சிக்கனம் கருதி, 1881 முதல் கைதிகளுக்கு வாற்கோதுமை கலந்த சோறு போட்டார்கள். கைதிகளை விட்டு நோய் போய்விட்டது. ஒசாகாவில் ஒரு தரைப்படை மருத்துவர் அதைப் பார்த்துத் தன் படையினருக்கும் அதே சோற்றைப் போட்டுப் பலன் கண்டார். மற்ற முகாம்களும் ஒவ்வொன்றாக அவரைப் பின்பற்றின. ஆனால் போர் என்று வந்ததும் ரேஷனைத் தலைமையகம் தீர்மானித்தது: தலைக்கு நாளொன்றுக்கு ஆறு கோ வெள்ளை அரிசி. நம் கணக்கில் சுமார் 900 கிராம். 1894–95 சீனப் போரில் தரைப்படையில் பெரிபெரியால் மட்டும் சுமார் 4,000 பேர் இறந்தார்கள். சண்டையில் இறந்தவர்கள் அதைவிடக் குறைவு. பத்தாண்டு கழித்து ரஷ்யப் போர். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய்; சாவு 27,000 என்று மதிப்பிடுகிறார்கள். அதே போரில் கடற்படையில் நோய் கண்டவர்கள் மிகச் சிலரே. ஒரே நாடு, ஒரே போர், ஒரே வயதுப் பையன்கள்; பானை மட்டும் வேறு.

அந்தப் பானையில் என்ன இல்லாமல் போனது?

நெல்லின் உமியை நீக்கினால் பழுப்பு அரிசி. அதன்மேல் மெல்லிய தவிட்டுப் படலம் இருக்கும். ஒரு முனையில் முளைக்கரு ஒட்டிக்கொண்டிருக்கும். தயமின் என்ற வைட்டமின் பி1 பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான் இருக்கிறது. நடுவே உள்ள வெள்ளைப் பகுதி மாவுச்சத்து. புது நாற்றுக்கு வேண்டிய சேமிப்பு. தீட்டும்போது படலமும் முளையும் தவிடாகிப் போகின்றன. நூறு கிராம் பழுப்பு அரிசியில் சுமார் 0.4 மில்லிகிராம் தயமின் என்றால், நன்றாகத் தீட்டிய பச்சரிசியில் 0.07 அளவுதான். களைந்து ஊற்றும் தண்ணீரிலும் வடிக்கும் கஞ்சியிலும் அதிலும் ஒரு பங்கு கரைந்து போகும். ஜப்பானியச் சிப்பாயின் 900 கிராம் அரிசியில் அரை மில்லிகிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கலாம். சட்டிக்கு வந்து சேர்ந்தது அதைவிடக் குறைவு. வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல் வேண்டும்.

சோற்றின் மாவுச்சத்து சர்க்கரையாகி, செல்லுக்குள் போய், படிப்படியாக உடைந்து சக்தி தருகிறது. பாதி வழியில் பைருவேட் என்ற பொருளாக அது நிற்கும். அங்கிருந்து அடுத்த படிக்குத் தள்ளும் நொதிக்குத் தயமின் துணை வேண்டும். தயமின் இல்லையென்றால், அடுப்படியில் விறகு குவிந்து கிடக்கத் தீக்குச்சி இல்லாத வீட்டின் கதைதான். இடைவிடாமல் வேலை செய்யும் உறுப்புகள் முதலில் அடிபடும்: நீளமான நரம்புகள், இதயம். கால் மரத்து நடை தள்ளாடுவது ஒரு வகை. இதயம் சோர்ந்து உடலெங்கும் நீர் கோத்துக்கொள்வது இன்னொரு வகை. அதுதான் சட்டென்று ஆளைக் கொல்லும்.

உடலில் தயமின் கையிருப்பு மிகக் குறைவு: மொத்தமே 30 மில்லிகிராம் அளவு. வரத்து நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். சோறு கூடக் கூட அதை எரிக்கத் தயமினும் கூடுதலாக வேண்டும். உடல் உழைப்பு கூடினால் தேவை இன்னும் ஏறும். நோஞ்சானுக்கு வரவேண்டியது போலத் தோன்றும் இந்த நோய், வயிறு நிறையச் சோறு தின்று கவாத்துப் பழகிய இருபது வயதுக் காளைகளைத் தேடிப் பிடித்ததன் ரகசியம் இதுதான். கிருமி என்று கெட்டிக்காரர்கள் ஏமாந்ததும் இதனால்தான். ஒரே முகாமில், ஒரே சமயத்தில், நூற்றுக்கணக்கானவர்களுக்கு வந்தால் தொற்று என்றுதானே தோன்றும்?

அரிசியின் மீதான சந்தேகத்துக்குச் சோதனைச் சான்று கிடைத்தது ஜாவாவில், அதுவும் கோழிகள் வழியாக. கிறிஸ்டியான் ஐக்மன் டச்சு ராணுவ மருத்துவர். பட்டாவியா ராணுவ மருத்துவமனையில் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். 1889இல் அவர் வளர்த்த கோழிகள் கால் தளர்ந்து விழுந்தன. ஊசி போட்டவையும் விழுந்தன, போடாதவையும் விழுந்தன. சில மாதத்தில் எல்லாம் தானாகவே எழுந்து நின்றன. விசாரித்ததில் தெரிந்தது: கோழிகளைப் பார்த்துக்கொண்ட ஆள், காசு மிச்சம் பிடிக்க, மருத்துவமனைச் சமையலறையில் மீந்த வெள்ளைச் சோற்றைப் போட்டு வந்திருக்கிறார். பிறகு புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்துச் சோற்றை ராணுவத்தைச் சேராத கோழிகளுக்குக் கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டார். கோழிகள் தீட்டாத மலிவு அரிசிக்குத் திரும்பின, பிழைத்தன. சிவிலியன்கள் என்பதால் உயிர் தப்பிய கோழிகள் வரலாற்றில் வேறெங்கும் இருக்குமா தெரியாது.

ஐக்மனின் நண்பர் வோர்டர்மன் ஜாவாவின் 101 சிறைகளைக் கணக்கெடுத்தார். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கைதிகள். வெள்ளை அரிசி போட்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவருக்குப் பெரிபெரி; தீட்டாத அரிசி போட்ட இடங்களில் பத்தாயிரத்துக்கு ஒருவர். அப்போதும் ஐக்மன், அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது, தவிடு அதற்கு மாற்று என்றுதான் நினைத்தார். இருப்பது கெடுக்கவில்லை, இல்லாததுதான் கெடுக்கிறது என்று 1901இல் சொன்னவர் அவருக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வந்த கிரைன்ஸ். 1929இல் நோபல் பரிசில் பங்கு ஐக்மனுக்குக் கிடைத்தது.

இந்தக் கதையில் தமிழர்களுக்கும் ஒரு இடம் உண்டு. மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். அதே ஊரில், அதே வெயிலில், அவர்களைவிட நல்ல கூலி ஒன்றும் வாங்காத தமிழர்களுக்கு நோய் வரவில்லை. பிராடன் என்ற ஆங்கில மருத்துவர் 1907இல் எழுதிய நூலில் அதற்கு விடை சொன்னார்: தமிழர்கள் புழுங்கல் அரிசி சாப்பிடுகிறார்கள். சீனர்கள் சாப்பிட்டது தீட்டிய பச்சரிசி. ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் ஜாவாக்காரச் சாலைத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கி இரண்டு அரிசியையும் போட்டுப் பார்த்து அதை உறுதி செய்தார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, நீரில் கரையும் தயமின் தவிட்டிலிருந்து நகர்ந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. வெந்து பசையாகும் மாவுச்சத்து அதைப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் மில்லில் எவ்வளவு தீட்டினாலும் ஒரு நல்ல பங்கு உள்ளேயே தங்கும். நெல் அவித்த பாட்டிமார்கள் வைட்டமினை நினைத்து அவிக்கவில்லை. அரிசி உடையாமல் வரவும் சோறு குழையாமல் இருக்கவும் அவித்தார்கள். காரணம் தெரியாமல் சரியானதைச் செய்ததில் அவர்கள் தகாகிக்கு முன்னோடிகள்.

சென்னை மாகாணத்திலும் இதே பிரிவினை. பச்சரிசி தின்ற வட சர்க்கார் மாவட்டங்களில், இன்றைய ஆந்திரக் கடற்கரையில், பெரிபெரி இருந்தது. புழுங்கல் அரிசி தின்ற தமிழ் மாவட்டங்களில் இல்லை.

முதல் உலகப் போரில் இந்தப் பாடம் இன்னொரு முறை நடந்தது. மெசபொடேமியாவின் கூட் நகரத்தில் 1915 டிசம்பர் முதல் 147 நாட்கள் ஆங்கிலேய, இந்தியப் படைகள் துருக்கியரின் முற்றுகைக்குள் கிடந்தன. வெள்ளை மாவு ரொட்டி தின்ற ஆங்கிலச் சிப்பாய்களுக்குப் பெரிபெரி வந்தது. ஆட்டாவும் பருப்பும் தின்ற இந்தியர்களுக்கு அது வரவில்லை. அவர்களுக்கு வைட்டமின் சி பற்றாக்குறையால் ஈறு அழுகி ரத்தம் கசியும் ஸ்கர்வி வந்தது. ஆங்கிலேயர் வெட்டித் தின்ற குதிரை இறைச்சியை இந்தியர் பலர் தொட மறுத்துவிட்டார்கள். வெள்ளை மாவு தீர்ந்து, வேறு வழியில்லாமல் ஆங்கிலேயரும் ஆட்டாவுக்கு வந்தபோது அவர்களுடைய பெரிபெரி அடங்கியது. ஒரே முற்றுகைக்குள் இரண்டு சமையல், இரண்டு நோய்.

அமெரிக்க ராணுவமும் பிலிப்பைன்ஸில் தான் நடத்திய உள்நாட்டுப் படைப்பிரிவில் நூற்றுக்கணக்கானவர்கள் படுத்தபிறகு, 1910இல் வெள்ளை அரிசியை மாற்றிப் பீன்ஸும் சேர்த்தது. இரண்டு மூன்று ஆண்டில் நோய் ஒழிந்தது. அங்கே ராணுவ மருத்துவர் வெட்டர், தவிட்டுச் சாற்றை ராபர்ட் வில்லியம்ஸ் என்ற இளம் வேதியியலாளர் கையில் கொடுத்து, இதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள் என்றார். கண்டுபிடிக்க வில்லியம்ஸுக்கு இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆயிற்று. பகலில் டெலிபோன் கம்பெனி ஆய்வகத்தில் வேலை, மற்ற நேரத்தில் தவிடு. 1936இல் தயமினைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டினார். அவர் பிறந்த ஊர் நெல்லூர். அன்று சென்னை மாகாணம்.

நம் நீலகிரிக்கும் இதில் பங்கு உண்டு. இந்திய மருத்துவப் பணியின் ராணுவ அதிகாரி ராபர்ட் மக்காரிசன், 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார் மக்காரிசன். கோதுமை, பருப்பு, பால், காய்கறி என்ற பஞ்சாப் உணவில் எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. அரிசியை நம்பிய சென்னை ஏழையின் உணவில் சவலையாக நின்றன. பஞ்சாபி போர் மரபினன், மதராஸி அப்படி இல்லை என்று சொல்லி மதராஸ் படைப்பிரிவுகளை ஆங்கில அரசு ஒவ்வொன்றாகக் கலைத்து வந்த காலம் அது. ரத்தம், மரபு என்று அளந்தவர்கள் குன்னூர் எலிகளை ஒருமுறை போய்ப் பார்த்திருக்கலாம்.

மோரி ஓகாய் 1908இல் அரசின் பெரிபெரி ஆய்வுக்குழுவுக்குத் தலைவரானார், 1922இல் இறந்தார். அந்தக் குழு, வைட்டமின் குறைவே காரணம் என்ற முடிவோடு 1924இல் கலைந்தது. தகாகியின் பெயரை 1959இல் அன்டார்க்டிகாவின் ஒரு நிலமுனைக்கு வைத்தார்கள். பக்கத்திலேயே ஐக்மனுக்கும் ஒரு முனை இருக்கிறது.

இன்று நம் படை முகாம்களில் பெரிபெரி இல்லை. தட்டில் பருப்பு, காய், முட்டை எல்லாம் வந்துவிட்டன. உட்கார்ந்து வேலை பார்க்கும் அலுவலர்கள், ஷிப்ட் பார்க்கும் ஆலைத் தொழிலாளர்கள் என்று படையின் பின்னால் நிற்கும் சிவிலியன்களின் தொல்லை இப்போது வேறு: சர்க்கரை, ரத்த அழுத்தம், தொப்பை. அதற்கு நாம் செய்வது பெரும்பாலும் சுவரொட்டி ஒட்டுவதும் சொற்பொழிவு நடத்துவதும். ‘அளவோடு உண்ணுங்கள்’ என்று எழுதிய பலகைக்குக் கீழே மலைபோல் வெள்ளைச் சோறும் எண்ணெய் மிதக்கும் குழம்பும் பரிமாறும் கேன்டீனைப் பார்க்காதவர் யார்? மாலுமியின் கையில் காசைக் கொடுத்து நல்லதாக வாங்கித் தின் என்று சொன்ன பழைய ஜப்பானிய முறைக்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

குன்னூரில் மக்காரிசன் எலி வளர்த்த இடத்துக்குப் பக்கத்திலேயே வெலிங்டன் படைமுகாம். சற்றுத் தள்ளி அருவங்காட்டில், 1903இல் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலை. சிப்பாயும் சிவிலியனும் ஒரே மலையில் வேலை பார்க்கிறார்கள். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கேன்டீனும், அதில் தொழிலாளர் பிரதிநிதிகள் கொண்ட நிர்வாகக் குழுவும் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வழிசெய்திருந்தது. நீங்கள் அப்படியொரு குழுவில் இருந்தால், அடுத்த கூட்டத்தில் விலைப்பட்டியலுக்கு முன்பு சமையல் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். எந்த அரிசி, எவ்வளவு எண்ணெய், தட்டில் காய் எத்தனை பங்கு என்று பாருங்கள். மாற்ற வேண்டியதை அங்கேயே மாற்றச் சொல்லுங்கள்.